கூண்டுப் பறவையின் உரிமை



அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூஉமைர் சிறு குருவியொன்றை வைத்து விளையாடினார். நபி (ஸல்) அவர்கள் அதைப் பற்றி அவரிடம் கனிவுடன் விசாரித்தார்கள் (புகாரி). பறவை வளர்க்க இது ஆதாரம் என்பர் அறிஞர்கள். எனினும், பூனையை அடைத்துப் பட்டினியிட்ட பெண் வேதனைக்குள்ளானதும் புகாரியிலேயே உள்ளது.

பட்டினி மட்டுமா கொல்லும்? சிங்காரப்பேட்டை வீடுகளில் லவ்பேர்ட்ஸ் வளர்ப்போரே, கவனியுங்கள்! பிள்ளைகள் ஆசையாய்த் தொங்கவிடும் கயிற்று ஊஞ்சலில் நூல் பிரிந்தால், அது காலைச் சுற்றி இறுக்கும்; இரத்த ஓட்டம் நின்று விரலே அழுகிவிடும். அன்றே அகற்றிவிடுங்கள். துத்தநாக முலாம் பூசிய கம்பியைக் கொறித்தாலும் நஞ்சேறும்.

பச்சைக்கிளியை வளர்ப்பதையோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே தடுக்கிறது.

நான்ஸ்டிக் தவா அளவுமீறிக் காய்ந்தால் எழும் புகையும் பறவையைக் கொல்லும். கூண்டைச் சமையலறையில் வைக்காதீர்கள்.