கையொப்பமும் செய்தியும்



விருத்தாசலத்துப் பீங்கானை வாங்குவோர் மெருகை மட்டும் பார்ப்பதில்லை. விரலால் சுண்டி ஓசையையும் கேட்பர். கருவேப்பிலங்குறிச்சியில் வாழும் நான், செய்தி எழுத விழையும் உங்களுக்குக் கூறுவதும் அதுவே.

2023 ஜூன் 21 அன்று வாஷிங்டனில், ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் இந்தியத் தூதர் தரன்ஜித் சிங் சந்து கையொப்பமிட்டார். அதில் சேர்ந்த 27ஆவது நாடு இந்தியா. சில நாட்கள் கழித்து எங்களூர் மாணவன் ஒருவன், “ஐயா, இனி நிலவில் நமக்கும் சொந்த இடம் உண்டல்லவா?” என்று மகிழ்ச்சியோடு கேட்டான். அவன் படித்த செய்தியில் விழாக் காட்சி இருந்தது. உடன்பாட்டின் பொருள் இல்லை. பிழை அவனுடையதன்று.

செய்தியாளர் விழாவுக்குச் செல்லுமுன் உடன்பாட்டின் வாசகத்தைப் படித்திருத்தல் வேண்டும். அது சட்டப்படி கட்டுப்படுத்துவதா, கொள்கையளவில் இசைவதா என ஆராய்தல் வேண்டும். ஆர்ட்டெமிஸ் பின்னதைச் சார்ந்தது. 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையோ சட்டமாகக் கட்டுப்படுத்துவது. நிலவை எந்நாடும் தன் உடைமையாக்கலாகாது என்பது அதன் விதி. இந்தியா அதில் 1967 மார்ச் 3 அன்று கையொப்பமிட்டது. அதற்குக் கட்டுப்படுவதாக ஏற்புறுதி அளித்ததோ 1982இல்தான். கையொப்பம் வேறு, ஏற்புறுதி வேறு.

ஆகவே, பேனா ஓடிய காட்சியை எழுதுங்கள். அந்தப் பேனா நாட்டை எதற்குப் பொறுப்பாக்கியது என்பதையும் தவறாது எழுதுங்கள்.