பக்கத்து நாற்காலி



வகுப்பில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பதைப் பார்த்தாலே தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய எங்களுக்குப் பல சங்கதிகள் தெரிந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன், மூன்றாம் ஆண்டுச் சிறுமி ஒருத்திக்கு உதட்டோரத்திலும் விரல் நுனியிலும் வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. ஒரு மாதத்திற்குள் அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகிவிட்டது. "அவளோடு சேர்ந்து சாப்பிடாதே" என்று மற்றப் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாங்களும் தவறு செய்தோம். ஆண்டு விழா நடனத்தில் அவளைப் பின் வரிசைக்கு மாற்றினோம். மறுநாள் முதல் அவள் ஒத்திகைக்கே வரவில்லை.

அவளுக்கு வந்தது வெண்புள்ளி. நம் தோலுக்கு நிறம் தரும் அணுக்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக அழித்துவிடுவதால் இது உண்டாகிறது. உலகில் நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இது இருக்கிறது. தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்பதும் சரியல்ல.

பிறகு ஏன் இந்தப் பயம்? பெயர்தான் காரணம். இதை 'வெண்குஷ்டம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். குஷ்டம் என்றதும் பெரியவர்களுக்குச் சுங்கை பூலோ நினைவுக்கு வரும். 1930-ல் அங்கே திறக்கப்பட்ட குடியிருப்பில் தொழுநோயாளிகள் ஊரைவிட்டுப் பிரித்து வைக்கப்பட்டார்கள். அங்கே பிறந்த குழந்தைகளும் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். அந்தத் தொழுநோயும் இன்று கூட்டு மருந்தினால் முற்றாகக் குணமாகிறது. வெண்புள்ளியோ தொழுநோயே அல்ல. தொழுநோய்த் தழும்பில் பெரும்பாலும் உணர்ச்சி குறைந்திருக்கும். வெண்புள்ளியில் உணர்ச்சி மாறாது. ஆனால் கன்னத்தில் வரும் தேமலும் வெளுப்பாகத்தான் தெரியும். ஆகவே எது என்று நாமே முடிவு கட்டாமல் கிளினிக்கில் காட்ட வேண்டும்.

வெண்புள்ளிக்குப் பூச்சு மருந்தும் ஒளிச் சிகிச்சையும் உண்டு. பலன் தெரியப் பல மாதங்கள் ஆகலாம். பொறுமையிழந்து கார்போக அரிசியை அரைத்துப் பூசிப் பிள்ளையை வெயிலில் நிறுத்தாதீர்கள். தோல் கொப்பளித்துப் புண்ணாகிவிடும். புண்ணான இடத்தில் புதுப் புள்ளியும் தோன்றலாம். வெளுத்த இடம் வெயிலில் சீக்கிரம் கருகும் என்பதால் தொப்பியும் கைநீளச் சட்டையும் நல்லது.

இனி நம் தொண்டுக்கு வருவோம். தொண்டு என்றால் சங்கமும் ரசீதுப் புத்தகமும் வேண்டும் என்று நினைக்காதீர்கள். அந்தச் சிறுமியின் பக்கத்து வீட்டில், செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அம்மாள் இருந்தார். அவர் தம் இரண்டு பிள்ளைகளோடு அவளையும் உட்கார வைத்து, மூவருக்கும் ஒரே தட்டில் சோறு பிசைந்து ஊட்டினார். வாசற்படியில், லயத்தார் எல்லாரும் பார்க்கத்தான் ஊட்டினார். தாயாருக்கு வேலை நாளாக இருந்தால், சிறுமியைப் பஸ்ஸில் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். அவரை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவருடைய பிள்ளைகள்தான் முதலில் அந்தக் காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தார்கள்.

அதன் பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. பெற்றோர் கூட்டத்தில் வெண்புள்ளியைப் பற்றி விளக்கினோம். அந்தச் சிறுமியிடமும் மன்னிப்புக் கேட்டோம்.

உங்கள் லயத்திலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். 'ஐயோ பாவம்' என்று அதன் காதுபடச் சொல்லாதீர்கள். ஆளுக்கொரு வைத்தியமும் சொல்லாதீர்கள். உங்கள் பிள்ளையை அதனோடு விளையாட அனுப்புங்கள். கிளினிக் நாளில் துணைக்குப் போங்கள்.

அவளுடைய புள்ளிகள் முழுவதும் மறையவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு விழாவில் எங்கே நிற்கிறாய் என்று அவளையே கேட்டோம். முன் வரிசையைக் காட்டினாள்.