மாதிரித் தேர்வு மதிப்பெண்ணைப் படிப்பது எப்படி?

நீட் மாதிரித் தேர்வு முடிவில் பெரும்பாலும் மூன்று எண்கள் இருக்கும்: 720-க்கு எடுத்த மதிப்பெண், பெர்சன்டைல், ரேங்க். தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் முதல் எண் கவலையைத் தருகிறது, இரண்டாவது எண் தெம்பைத் தருகிறது. இரண்டும் ஒன்றையே அளக்கின்றன என்ற நினைப்பில்தான் குழப்பம் தொடங்குகிறது.

முதல் எண் நேரடிக் கணக்கு. இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90 என மொத்தம் 180 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண் கிடைக்கும். தவறான விடைக்கு 1 கழியும். விட்ட கேள்விக்குக் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. ஒரு மாணவி 120 சரி, 40 தவறு, 20 விட்டவை என்று எழுதினால் 480-ல் 40 போக 440. இன்னொருவர் 110 கேள்விக்கு மட்டும் விடையளித்து, அத்தனையும் சரியாக இருந்தால் அவருக்கும் 440. மதிப்பெண் ஒன்றுதான். ஆனால் முதலாமவர் தவறுகளைக் குறைக்க வேண்டும். இரண்டாமவர் தொடாமல் விட்ட 70 கேள்விகளின் பாடங்களைப் படித்து முடிக்க வேண்டும். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

பெர்சன்டைல் என்பது மதிப்பெண்ணே அல்ல; அது கூட்டத்தில் ஒருவர் நிற்கும் இடம். அவருக்குச் சமமாகவோ குறைவாகவோ எடுத்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதை அது சொல்கிறது. தென்காசியில் 60 பேர் எழுதும் ஒரு பயிற்சி வகுப்பில் 440 எடுத்தவர் ஆறாம் இடம் என்று வைத்துக்கொள்வோம். அவரையும் சேர்த்து 55 பேர் அந்த அளவுக்குள் வருகிறார்கள்; 55-ஐ 60-ஆல் வகுத்தால் 91.67 பெர்சன்டைல். அதே 440-ஐ இரண்டாம் முறை எழுதுபவர்கள் நிறைந்த சென்னை வகுப்பு ஒன்றில் எடுத்திருந்தால் பாதிக்கும் கீழே போயிருக்கலாம். படிப்பு மாறவில்லை, உடன் எழுதியவர்கள் மாறிவிட்டார்கள். எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் எழுதினார்கள் என்று சொல்லாமல் பெர்சன்டைலை மட்டும் விளம்பரப்படுத்துவது பெற்றோருக்குச் செய்யும் அநீதி.

உண்மையான நீட் தேர்விலும் இந்தக் குழப்பம் உண்டு. பொதுப்பிரிவினர் தகுதி பெற 50 பெர்சன்டைல் வேண்டும் என்றதும் 360 மதிப்பெண் என்று பலர் நினைக்கிறார்கள். 2025-ல் அந்த எல்லை 144. அதாவது 720-ல் ஐந்தில் ஒரு பங்கு. 2024-ல் 162, 2023-ல் 137. தகுதி என்பது கலந்தாய்வுக்கான நுழைவுச்சீட்டு மட்டுமே; மருத்துவ இடம் அதற்கு வெகு மேலே இருக்கிறது.

வினாத்தாளின் கடினமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. 2024-ல் திருத்திய முடிவின்படியே 17 பேர் முழு 720 எடுத்தார்கள். 2025-ல் நாட்டின் முதல் மதிப்பெண்ணே 686; 650-க்கு மேல் எடுத்தவர்கள் 73 பேர்தான். எளிதான மாதிரித் தாளில் 600 எடுத்த பிள்ளை மே மாதத் தேர்வில் 500-க்குத் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். குற்றாலத்தில் சாரல் விழும் ஜூனில் முடிவு வரும்போது, பிள்ளை ஏமாற்றிவிட்டதாக யாரும் நினைக்கத் தேவையில்லை.

இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யத்தான் சில நாடுகள் அளவுமாற்ற மதிப்பெண் தருகின்றன. அமெரிக்காவின் மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட் பல தேதிகளில் நடக்கிறது. எந்தத் தாளை எழுதினாலும் ஒரே மதிப்பெண் ஒரே திறனைக் குறிக்கும்படி 472 முதல் 528 வரையிலான அளவுக்கு மாற்றுகிறார்கள்; நடுப்புள்ளி 500. இந்தியாவில் 2024-ல் முதுநிலை நீட் இரண்டு வேளைகளாக நடந்ததால் நார்மலைசேஷன் என்ற அளவுமாற்றம் செய்தார்கள். இளநிலை நீட் ஒரே நாளில், ஒரே வேளையில் நடப்பதால் அங்கே அளவுமாற்றம் இல்லை. எடுத்த மதிப்பெண்படியே ரேங்க். சமமாக எடுத்தவர்களைப் பிரிக்க முதலில் உயிரியல் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள்.

பெற்றோர் தலைமுறைக்குப் பழக்கமான 200-க்கான கட் ஆஃப் வேறு வகை. பிளஸ் டூ உயிரியலை 100-க்கும், இயற்பியல், வேதியியலைத் தலா 50-க்கும் சுருக்கிக் கூட்டியது அது. 2017 முதல் தமிழகத்தின் எம்.பி.பி.எஸ். சேர்க்கை நீட் மதிப்பெண்படி நடக்கிறது. அந்தப் பழைய 200-க்கு 195 என்பதை இன்றைய 720-க்கு மாற்றிப் பார்ப்பதில் பொருளில்லை.

2019-ல் உருவான தென்காசி மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை; பக்கத்தில் இருப்பது திருநெல்வேலி. அந்தக் கல்லூரியில் தம் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் சென்ற ஆண்டு கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண் என்ன, அரசுப் பள்ளி மாணவர் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அது என்ன என்பதே வீட்டுச் சுவரில் எழுதி வைக்க வேண்டிய எண். அதையும்கூட அந்த ஆண்டுத் தாளின் கடினத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். மாதிரித் தேர்வு முடிந்த அன்றே, ரேங்கைக் கேட்பதற்கு முன், சரி எத்தனை, தவறு எத்தனை, விட்டது எத்தனை என்று பாடவாரியாக மாணவர்கள் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.