நீர்ச்சுரங்கங்களை விரைந்து குடைதல்

(பயிற்சி வகுப்பொன்றில் இளம் அலுவலர்களிடையே நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



அணை எழுந்திருக்கலாம்; மின்நிலையத்தில் இயந்திரங்கள் பொருத்தப்பட்டிருக்கலாம். ஆயினும் இடையிலுள்ள சுரங்கத்தின் கடைசி மீட்டர் குடையப்படும்வரை ஒரு யூனிட் மின்சாரமும் கிடைப்பதில்லை. முதலீடு முடங்கிக் கிடக்க, வட்டி மட்டும் வளர்கிறது. ஆகவே சுரங்கம் குடையும் வேகம் பொறியியல் பிரச்சினை மட்டுமன்று. பொருளாதாரப் பிரச்சினையும் ஆகும்.

வெடிவைத்துக் குடைவது ஒரு சுழற்சி. பாறையில் துளையிட்டு, வெடிமருந்து நிரப்பி, வெடித்து, புகையை வெளியேற்றி, தளர்ந்த கற்களைத் தட்டி வீழ்த்தி, உடைந்த கல்லை அள்ளி, கூரையைத் தாங்க இரும்பு ஆணிகளும் சிமெண்ட் கலவைப் பூச்சும் அமைத்த பின்னரே அடுத்த துளை. பல துளைக்கருவிகளைத் தாங்கிய ‘ஜம்போ’ வண்டி துளையிடும் நேரத்தைக் குறைக்கிறது. ஆனால் கல்லை ஏற்றிச் செல்லும் வண்டிகள் போதாவிடில், மிச்சமான நேரம் காத்திருப்பதில் கரைந்துவிடும்.

அடுத்த வழி, முகப்புகளைப் பெருக்குவது. 20 கிலோமீட்டர் சுரங்கத்தை இரு முனைகளிலிருந்தும் முகப்புக்கு நாளொன்றுக்கு 4 மீட்டர் வீதம் குடைந்தால் 2,500 நாட்கள் ஆகும். இடையில் இரு பக்கவழிச் சுரங்கங்கள் அமைத்தால், ஒவ்வொன்றிலிருந்தும் இரு திசைகளில் குடையலாம். முகப்புகள் ஆறாகும்; அவை அமைந்தபின் ஏறத்தாழ 830 நாட்கள் போதும். சட்லெஜ் நதியின் நாத்பா ஜாக்ரி திட்டத்தில் 27.4 கிலோமீட்டர் சுரங்கம் பக்கவழிகளின் துணையோடுதான் உருவாயிற்று.

பக்கவழி அமைக்க இயலாத உயர்ந்த மலைகளில் குடைவு இயந்திரம் தேவைப்படுகிறது. அது சுழலும் தலையால் பாறையை அரைத்து, கல்லைத் தொடர்ச்சியாகப் பின்னே தள்ளுகிறது. 2018-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட கிஷன்கங்கா திட்டத்தில் சுமார் 23 கிலோமீட்டர் சுரங்கத்தின் பெரும்பகுதியை இயந்திரமே குடைந்தது. ஆனால் இமாசலத்தின் பார்வதி இரண்டாம் திட்டத்தில், 2006-இல் நீரும் வண்டலும் பீறிட்டு இயந்திரத்தை மூழ்கடித்தன, 31.5 கிலோமீட்டர் சுரங்கம் நிறைவுற்று, 2025-இல்தான் திட்டம் முழுமையாக இயங்கலாயிற்று.

தெலங்கானாவின் ஸ்ரீசைலம் இடதுகரைச் சுரங்கம் ஏறத்தாழ 44 கிலோமீட்டர் நீளமுடையது. மேலே புலிகள் காப்பகம் இருப்பதால் பக்கவழிகள் இல்லை. இரு முனைகளிலிருந்தும் இயந்திரங்களே குடைந்தன. 2025 பிப்ரவரி 22 அன்று கூரை சரிந்து, நீரும் சேறும் புகுந்தன. உள்ளே சிக்கிய 8 பேரில் எவரும் உயிருடன் மீளவில்லை.

முகப்புக்கு முன்னே என்ன இருக்கிறதென அறிவதும் வேகத்தின் ஒரு பகுதியே. நீண்ட மெல்லிய ஆய்வுத்துளை ஒன்று, நீரழுத்தத்தையும் நொறுங்கிய பாறையையும் முன்கூட்டியே காட்டும். சிமெண்ட் கரைசலைச் செலுத்தி அப்பாறையை இறுக்கியபின் முன்னேறலாம். இதற்குச் சில மணிநேரமோ, சில நாட்களோ செலவாகும். இயந்திரம் புதைந்தால் ஆண்டுகள் செலவாகும். மனித உயிர்களுக்கோ விலையே இல்லை.

மதிப்பீடுகள் நாளை உங்கள் மேசைக்கு வரும். சிக்கனம் கருதி முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் ஆய்வுச் செலவே. அந்த வரியை அடிக்கும் முன், அது காக்கும் முதலையும் மனிதரையும் எண்ணிப் பாருங்கள்.