உங்கள் சம்பளம் விலையோடு ஏறுகிறது. எங்கள் ஓய்வூதியம் ஏன் ஏறவில்லை?

(பொத்தேரியில் நடந்த விலைவாசிக் கண்டனக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் எந்தக் கட்சிக் கொடியும் இல்லை. கட்சிகள்மீது வெறுப்பு இருப்பதால் அல்ல. கட்சி இல்லாமல் ஜனநாயகம் இல்லை. ஆனால் இன்று நாம் கேட்கப்போகிற கேள்வியை எல்லாக் கட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்துத்தான் கேட்க முடியும். ஒரு கொடியின் கீழே நின்று கேட்டால் பாதிக் கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடும்.

விலைவாசியைப் பற்றி நம் பிரதிநிதிகள் பேசாமல் இல்லை. நிறையவே பேசுகிறார்கள். என் குற்றச்சாட்டு வேறு. அவர்கள் எந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்களோ அந்த நாற்காலிதான் பேசுகிறது. நாற்காலி மாறினால் பேச்சும் மாறுகிறது.

1973 நவம்பர். அரபு நாடுகள் எண்ணெய் விற்பனையை நெருக்கியதால் உலகமெங்கும் கச்சா எண்ணெய் விலை ஏறிய நேரம். இந்திரா காந்தி அரசு பெட்ரோல் விலையை உயர்த்தியது. எதிர்ப்புத் தெரிவிக்க ஜனசங்கத்தின் வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்கு வந்தார். 2012 செப்டம்பரில் மன்மோகன் சிங் அரசு டீசலுக்கு 5 ரூபாய் ஏற்றியது, மானிய சிலிண்டர் ஆண்டுக்கு 6 மட்டும்தான் என்றது. 20ஆம் தேதி நாடு தழுவிய கடையடைப்பு. பா.ஜ.க.வும் இடதுசாரிகளும் தெருவில் நின்றார்கள். மத்திய அமைச்சரவையில் இடம்பெற்றிருந்த தி.மு.க.வும் அந்தக் கடையடைப்பை ஆதரித்தது. விலையேற்றிய அரசிலும் இருப்போம், எதிர்க்கிற கூட்டத்திலும் இருப்போம் என்றால், மக்கள் யாரிடம் போய் முறையிடுவது?

பத்தாண்டு போனது. 2022 ஜூலையில் விலை உயர்வை விவாதிக்கச் சொல்லிப் பதாகை பிடித்த காங்கிரஸ் உறுப்பினர்கள் 4 பேரை மக்களவை இடைநீக்கம் செய்தது. அவர்களில் இருவர் நம்மவர்கள், விருதுநகர் மாணிக்கம் தாகூரும் கரூர் ஜோதிமணியும். மறுநாள் மாநிலங்களவையில் 19 பேர், அதில் தி.மு.க.வினரும் உண்டு. ஆகஸ்ட் 1ஆம் தேதிதான் மக்களவையில் விவாதம் நடந்தது. திரிணமூல் உறுப்பினர் காகோலி கோஷ் தஸ்திதார், சிலிண்டர் இந்த விலைக்கு விற்றால் பச்சைக் காய்கறியைத்தான் தின்ன வேண்டும் என்று ஒரு கத்தரிக்காயை அவையிலேயே கடித்துக் காட்டினார். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் எழுந்து, மன்மோகன் சிங் காலத்தில் பணவீக்கம் இதைவிட அதிகம், மற்ற நாடுகளில் நிலைமை இன்னும் மோசம் என்று பதில் சொன்னார். காங்கிரஸ் வெளிநடப்பு செய்தது. அந்த நாளின் முடிவில் எந்த வீட்டு அடுப்புச் செலவும் ஒரு ரூபாய் குறையவில்லை.

இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. எதிர்க்கட்சி விலையைச் சொல்கிறது. ஆளும் கட்சி விலை ஏறும் வேகத்தைச் சொல்கிறது. 2022 ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதம். 2025 அக்டோபரில் அது 0.25 சதவீதம். சாதனை என்றார்கள். எண் சரியானதுதான். ஆனால் நூறு ரூபாய்க்கு விற்ற பொருள் நூற்றேழு ஆன பிறகு பணவீக்கம் பூஜ்ஜியத்துக்கு வந்தாலும் அது நூற்றேழில்தான் நிற்கும். வேகம் குறைந்த பஸ் பின்னோக்கிப் போவதில்லை. அந்த அக்டோபரில் காய்கறி விலை விழுந்ததுதான் எண்ணைக் கீழே இழுத்த பெரிய காரணம். விழுந்த விலைக்கு விற்றவர் யார்? நம் விவசாயி. அதே மாதம் இந்தப் பகுதியில் வீட்டு வாடகை குறைந்ததா? பள்ளிக் கட்டணம் குறைந்ததா? மாத்திரை விலை குறைந்ததா? தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள்.

உறுப்பினர்கள் கையில் எடுத்திருக்க வேண்டிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பணவீக்கத்தை 4 சதவீதத்தில் வைக்க வேண்டும், கூடினால் 6 வரை போகலாம் என்பது 2016 முதல் ரிசர்வ் வங்கிக்குச் சட்டம் இட்ட பொறுப்பு. தொடர்ந்து மூன்று காலாண்டுகள் எல்லை தாண்டினால் ஏன் தவறினோம் என்று அரசுக்கு எழுத்தில் விளக்க வேண்டும். 2022இல் அப்படியே தவறியது, நவம்பரில் விளக்கமும் போனது. அந்த அறிக்கையை நாட்டுக்குக் காட்டவில்லை. சட்டத்தில் அப்படிச் சொல்லவில்லை என்று அரசு கையை விரித்தது. சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அதே அவையிடம்தானே!

இனி பெட்ரோலுக்கு வருவோம். 2014இல் மோடி அரசு பொறுப்பேற்றபோது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய கலால் வரி 9 ரூபாய் 48 காசு. 2020 மே மாதம் ஊரடங்கில் கச்சா எண்ணெய் விலை தரைக்கு வந்திருந்தபோது அந்த வரியை 32 ரூபாய் 98 காசுக்கு ஏற்றினார்கள். இறங்கிய விலையின் பலன் நமக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் அந்த வரியை உள்ளுக்குள் பிரித்தார்கள். 32 ரூபாய் 90 காசில் மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படை வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. மீதி எல்லாம் மாநிலத்துக்குப் பங்கு இல்லாத கூடுதல் தீர்வையும் செஸ்ஸும்.

பிறகு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்து 19 ரூபாய் 90 காசுக்குக் கொண்டுவந்தார்கள். குறைத்ததை மறைக்க மாட்டேன். ஆனால் இடையில் நடந்ததையும் சொல்வேன். 2021 நவம்பர் 4க்குப் பிறகு 137 நாட்கள் பெட்ரோல் விலை அசையவில்லை. தினமும் விலை மாறும் என்று 2017இல் சொன்னவர்கள்தான். உக்ரைன் போர் தொடங்கியது, கச்சா எண்ணெய் பறந்தது, இங்கே விலை நின்றது. உத்தரப் பிரதேசம் உட்பட 5 மாநிலத் தேர்தல் முடிவு மார்ச் 10இல் வந்தது. மார்ச் 22இல் விலை ஏறத் தொடங்கி, ஏப்ரல் 6க்குள் 10 ரூபாய் ஏறிவிட்டது. தேர்தலுக்காக விலையை நிறுத்தி வைக்க முடியும் என்றால், விலை எங்கள் கையில் இல்லை, உலகச் சந்தையின் கையில் இருக்கிறது என்று மறுபடி எந்த முகத்தோடு சொல்வார்கள்?

அதே ஏப்ரல் 27ஆம் தேதி முதலமைச்சர்களுடனான கூட்டத்தில் பிரதமர், தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்கள் வரியைக் குறைக்கவில்லை என்று பெயர் சொல்லிக் குறை கூறினார். மறுநாள் நம் சட்டமன்றத்தில் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் பிரதமர் என்று பதிலடி கொடுத்தார். பதிலில் நியாயம் இருந்தது. ஒன்றிய அரசு குறைப்பதற்கு முன்பே, 2021 ஆகஸ்டில், அன்றைய மாநில நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்திருந்தார். ஆனால் தேர்தல் அறிக்கை சொன்னது பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 4, சிலிண்டருக்கு 100 ரூபாய் மானியம். அந்த டீசல் 4 ரூபாய் குறையவில்லை. கோயம்பேட்டிலிருந்து நம் ஊருக்குக் காய்கறி கொண்டுவரும் வண்டி எதில் ஓடுகிறது? டீசலில்.

அ.தி.மு.க. நண்பர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட் 48லிருந்து 60 ரூபாய் ஆனபோது நீங்கள் கொதித்தது நியாயம். 2011 நவம்பரில் ஜெயலலிதா அரசு பாலுக்கு லிட்டருக்கு 6 ரூபாய் 25 காசும், கூடவே பஸ் கட்டணமும் ஏற்றியதே? 2018 ஜனவரி 20இல் பஸ் கட்டணம் மறுபடி ஏறியதே? அதே ஜனவரியில்தான் சட்டமன்ற உறுப்பினர்களின் மாத வருமானத்தை 55,000லிருந்து 1,05,000 ஆக்கும் மசோதாவும் நிறைவேறியது.

விலைவாசிப் பேச்சு எப்போதும் இப்படி வெறுங்கூச்சலாக இருந்ததில்லை. இந்தப் பக்கத்து மண்ணுக்கு அது தெரியும். காஞ்சிபுரத்துக்காரர் அண்ணா 1962இல் விலைவாசி உயர்வை எதிர்த்து மறியல் நடத்தி வேலூர் சிறைக்குப் போனார். அரிசிப் பஞ்சத்தில் தவித்த மக்கள் முன் 1967 தேர்தலில் வைத்த வாக்குறுதி: ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம். ஆட்சிக்கு வந்ததும் ஒரு படித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். மற்ற ஊர்களுக்கு விரிக்க நிதி இடம் தரவில்லை. அந்த வாக்குறுதியில் குறை உண்டு. ஆனால் அதில் ஒரு படி இருந்தது, ஒரு ரூபாய் இருந்தது. கிடைத்ததா இல்லையா என்று ஒரு தாய் கடை வாசலில் நின்றே தீர்ப்புச் சொல்ல முடிந்தது. அப்படித் தீர்ப்புச் சொல்லக்கூடிய ஒரு பேச்சைத்தான் நான் இன்று கேட்கிறேன்.

அப்படி எண்ணோடு எழுதிவைக்க நம் பிரதிநிதிகளுக்குத் தெரியும். நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 நிதிச் சட்டத்தில் அதை 50,000லிருந்து 1 லட்சம் ஆக்கினார்கள். அதோடு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பணவீக்கக் குறியீட்டின்படி தானாக உயரும் என்றும் எழுதிக்கொண்டார்கள். அந்த மசோதா மக்களவையில் 2018 மார்ச் 14இல் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. காவிரிக்காகவும் ஆந்திரச் சிறப்புத் தகுதிக்காகவும் அவையில் முழக்கம் எழுந்துகொண்டிருந்த நேரம் அது. அந்தச் சட்டத்தின்படி 2025 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. சம்பளம் 1,24,000. முன்னாள் உறுப்பினர் ஓய்வூதியம் 25,000லிருந்து 31,000. இரண்டும் 2023 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு.

நான் மறைமலைநகர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என்னைப் போன்றவர்களுக்கு வருவது 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் பணம். சராசரிச் சம்பளத்தை, அதுவும் 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு உட்பட்டு, பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். முப்பது வருடம் உழைத்தவருக்கு அதிகபட்சம் ஆறாயிரத்துச் சொச்சம். ஒப்பந்தக்காரர் மாறி மாறி, சேமநிதிக் கணக்கு அறுந்து அறுந்து வேலை செய்தவர் அதில் கால்வாசியும் காண மாட்டார். அதற்கு அகவிலைப்படி கிடையாது. வாங்கத் தொடங்கிய தொகை அப்படியே நிற்கும்.

குறைந்தபட்சம் 3,000 ஆக்குங்கள் என்று 2013 செப்டம்பரில் மாநிலங்களவை மனுக்கள் குழு பரிந்துரைத்தது. குழுவின் தலைவர் அன்று எதிர்க்கட்சியாக இருந்த பா.ஜ.க.வின் பகத் சிங் கோஷ்யாரி. காங்கிரஸ் அரசு 1,000 ரூபாய்க்குத்தான் ஒப்புக்கொண்டது. அடுத்து வந்த பா.ஜ.க. அரசு 2014 செப்டம்பரில் அந்த 1,000ஐ நடைமுறைப்படுத்தியது, அங்கேயே நின்றது. உறுப்பினர்களின் ஓய்வூதியம் 31,000 ஆன 2025 மார்ச்சிலும் நம்முடையது 1,000. அடுத்த மாதமே சென்னையில் சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு ஆனது. ஒரு சிலிண்டர் வாங்கியபின் கையில் 131 ரூபாய் 50 காசு. அதில் அரிசி வாங்குவதா, ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்குவதா?

சேமநிதியே இல்லாத முதியோர் நிலை இன்னும் கொடுமை. 60 முதல் 79 வயது வரை உள்ள ஏழை முதியோருக்கு ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 2007இல் அந்தத் திட்டத்துக்கு இந்திரா காந்தி பெயர் வைத்தபோதும் 200தான். காங்கிரஸ் ஏழு ஆண்டுகள் தொடவில்லை. பா.ஜ.க. பத்தாண்டுக்கு மேல் தொடவில்லை. மாநில அரசு 2011இல் 1,000 கொடுத்தது. 1,200 ஆக 12 ஆண்டுகள் ஆயின.

விலையோடு தானே ஏறும் இன்னொன்றும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. இதோ பரனூர் சுங்கச்சாவடி. நெடுஞ்சாலைக் கட்டண விதி 2008இல் வந்தது. ஆண்டுக்கு 3 சதவீதம் நிச்சயம் ஏறும், அதோடு மொத்த விலைக் குறியீடு ஏறியதில் 40 சதவீதமும் சேரும். யாரும் போராடத் தேவையில்லை, பதாகை பிடிக்கத் தேவையில்லை, கட்டணம் தானே ஏறுகிறது. அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி கணக்கிடுகிறார்கள். அது நியாயம், அது உழைப்பவரின் உரிமை. அதே நியாயத்தை ஆலைத் தொழிலாளிக்கும், பல்கலைக்கழக வாசலில் இரவுக் காவல் நிற்கும் பெரியவருக்கும், விடுதி துப்புரவு செய்யும் அக்காவுக்கும் ஏன் தர மறுக்கிறீர்கள்? விலையோடு தொகையை இணைக்கும் கணக்கு அரசுக்குத் தெரியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. சுங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. தங்கள் சம்பளத்துக்கும் தெரிந்திருக்கிறது.

ஆகவே தோழர்களே, தாய்மார்களே, அடுத்த முறை எந்தக் கட்சிக்காரர் இந்தத் தெருவில் வந்து விலைவாசியைப் பற்றிப் பேசினாலும், எதிரியின் ஆட்சியில் எவ்வளவு ஏறியது என்ற கதையைக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். இரண்டே கேள்வி கேளுங்கள். ஊழியர் ஓய்வூதியத்தையும் முதியோர் உதவித்தொகையையும், உங்கள் சம்பளத்தைப் போலவே, விலைக் குறியீட்டோடு இணைக்கும் மசோதாவுக்கு அவையில் கை தூக்குவீர்களா? பெட்ரோல், டீசலில் உங்கள் அரசு எடுக்கும் வரியில் எத்தனை ரூபாய், எந்தத் தேதிக்குள் குறைப்பீர்கள்? பதிலை வாயால் வாங்காதீர்கள். எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு வாங்குங்கள். தர மறுப்பவர் யாராக இருந்தாலும், எந்தக் கொடியோடு வந்தாலும், அவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்.