பேறுகாலத்திற்கு எல்லைக்கோடு இல்லை

(வெள்ளறடை வட்டாரக் கட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



2023ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு அமைப்பு அறிக்கைப்படி, பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஓராண்டு நிறையுமுன் இறப்பவை இந்தியாவில் 25, தமிழ்நாட்டில் 12, கேரளத்தில் 5. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவின் விகிதம்கூடக் கேரளத்தைவிட அதிகம். கல்விக்கும் நிலத்திற்கும் பொது மருத்துவமனைக்கும் உழைக்கும் மக்கள் நடத்திய போராட்டங்கள் இச்சாதனைக்குப் பின்னால் உள்ளன.

ஆயினும் சராசரிக் கணக்கு எல்லாத் தாய்மாரின் நிலையையும் சொல்லிவிடாது. 2013இல் அட்டப்பாடியில் ஆதிவாசிக் குழந்தைகள் அடுத்தடுத்து மடிந்ததும் இதே கேரளத்தில்தான்.

வெள்ளறடை, பாறசாலைப் பகுதியில் இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. உறவுகள் அக்கோட்டின்படி பிரியவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் தொடர்கின்றன. தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் மரபுப்படி, நிறைமாதம் நெருங்கும் வேளையில் பெண் எல்லையைக் கடக்கிறாள். அவளுடைய பதிவேடு அவ்வளவு எளிதில் கடப்பதில்லை. தமிழ்நாட்டில் பிக்மி எண். கேரளத்தில் வேறு பதிவு, வேறு செவிலியர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் தமிழ்நாட்டு அரசின் நிபந்தனைகளுக்கு உட்பட்டது.

இதனைக் காகிதச் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. பேறுகால மரணத்தின் முதன்மைக் காரணங்களில் இரண்டு, இரத்தப்போக்கும் உயர் இரத்த அழுத்தமும். அழுத்தம் ஏறுவதை அறிய முந்தைய மாதங்களின் அளவு வேண்டும். இரத்தசோகையின் போக்கை அறியவும் அதுவே வழி.

திருவிதாங்கூர் ஒரே அரசாக இருந்த காலத்தில், 1916இல் திருவனந்தபுரம் தைக்காடு மகளிர் மருத்துவமனையில் பணியேற்ற டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ், மருத்துவச்சிகளைப் பகைக்காமல் அவர்களின் பிள்ளைகளுக்கே பேறுகாலப் பயிற்சி அளித்தார். ஊர்ப்பெண்ணின் வழியாகவே மருத்துவம் வீட்டுவாசலை அடையும் என்பது அன்றே தெளிவாயிற்று.

இன்று அப்பணியைச் செய்பவர் ஆஷா ஊழியர். 2005இல் உருவான தேசிய ஊரக நலத் திட்டம் அவரைத் தன்னார்வலர் என்றது. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளராக ஏற்குமாறு 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தும் ஒன்றிய அரசு அசையவில்லை. 2025 பிப்ரவரி 10 முதல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் ஆஷாக்கள் மாதக்கணக்கில் போராட நேர்ந்தது. எக்கட்சி ஆட்சியாயினும் அவர்களது கோரிக்கை நியாயமானதே.

2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கருவுற்ற பெண்ணுக்குக் குறைந்தது 6,000 ரூபாய் என்றது. 2017இல் வந்த பிரதமர் மாத்ரு வந்தனாத் திட்டமோ அதை 5,000 ஆக்கி, முதல் குழந்தையோடு நிறுத்தியது. பின்னர் இரண்டாவது குழந்தை பெண்ணாயின் மட்டும் என நீட்டியது.

எனவே கோரிக்கைகள் மூன்று: தாயின் பதிவேட்டை இரு மாநிலச் செவிலியரும் காண வழி செய்க! பேறுகால உதவியை முழுமையாக எல்லாத் தாய்மார்க்கும் வழங்குக! ஆஷாக்களைத் தொழிலாளராக அறிவித்திடுக!

எல்லையின் இருபுறக் கிளைகளும் தத்தம் வார்டுகளில் தாய்வீடு வந்துள்ள கர்ப்பிணிகளின் பட்டியலை, அவரவர் ஒப்புதலுடன், ஆஷா ஊழியருடன் இணைந்து உடனே தயாரித்தல் வேண்டும். கோரிக்கை மனுவுக்கு அதுவே சான்று. அடுத்த வாரம் வலி காணும் பெண்ணுக்கு அதுவே முதல் உதவி.