நாலாம் தலைமுறை

 

"எப்படி வாழ்ந்த குடும்பம்!" என்று பெருமூச்சு விடாத தெரு நம் ஊர்களில் இல்லை. ஏன் இப்படி ஆனது என்று கேட்டால் சிலர் கண்ணேறு என்பார்கள், சிலர் பங்காளிச் சண்டை என்பார்கள். இதே கேள்வியைக் குடும்பங்களுக்கும் அரசுகளுக்கும் சேர்த்தே 600 ஆண்டுகளுக்கு முன் கேட்டவர் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள்.

அவர்கள் 1332இல் தூனிஸ் நகரில் பிறந்தார்கள். வாலிப வயதிலேயே பெரும் கொள்ளைநோயில் தாய் தந்தையரை இழந்தார்கள். அரசவைகளில் பதவியும் பார்த்தார்கள், சிறையும் பார்த்தார்கள். பின்பு அரசியலை விட்டு ஒதுங்கி, இன்றைய அல்ஜீரியாவில் ஒரு கோட்டையில் தங்கி, 1377இல் 'முகத்திமா' என்னும் நூலை எழுதினார்கள். பிற்காலத்தில் கெய்ரோவில் காஜியாக இருந்தபோது, அவர்களிடம் வந்துகொண்டிருந்த குடும்பத்தார் கப்பல் விபத்தில் மாண்டுபோனார்கள். 1406இல் அங்கேயே வஃபாத்தானார்கள். ஏற்ற இறக்கத்தை ஏட்டில் மட்டும் படித்தவர்கள் அல்லர்.

ஒரு குடும்பத்தின் சிறப்பு பெரும்பாலும் நான்கு தலைமுறையில் முடிந்துவிடும் என்கிறார்கள் அவர்கள். முதல் தலைமுறை பாடுபட்டுத் தேடியது. அதன் விலை அதற்குத் தெரியும். இரண்டாம் தலைமுறை அந்தப் பாட்டை அருகிலிருந்து கேட்டது. ஆனால் கேட்டவர் பட்டவர் ஆகமாட்டார். மூன்றாம் தலைமுறை முன்னோர் செய்ததை அப்படியே திருப்பிச் செய்தது. நான்காம் தலைமுறையோ, இந்த மதிப்பெல்லாம் உழைப்பால் வந்ததல்ல, பிறப்பிலேயே தனக்கு உரியது என்று எண்ணி, மற்றவர்களை இளக்காரமாகப் பார்த்தது. அங்கேதான் சரிவு. இது மாறாத விதியும் அல்ல. முன்னேயும் வரலாம், ஐந்தாம் ஆறாம் தலைமுறை வரை இழுத்துக்கொண்டும் போகலாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

ஆட்சிக்கும் இதே கதைதான். தொடக்கத்தில் ஆள்வோர் எளிமையாக இருப்பார்கள். வரி குறைவு, மக்கள் ஊக்கமாக உழைப்பார்கள், கஜானா நிறையும். ஆடம்பரம் கூடக்கூட வரியும் கூடும். உழைத்தும் பயனில்லை என்று மக்கள் கையைக் கட்டிக்கொண்டால், வரி உயர்ந்தும் வருமானம் குறையும். அநியாயம் ஊரைப் பாழாக்கும் என்பதற்கு அவர்கள் காட்டும் காரணம் இதுவே: பிறர் பொருளைப் பறித்தால் உழைக்கும் ஆசையே செத்துப்போகும்.

பிள்ளை வளர்ப்பிலும் அதே கண்தான். அடித்து அடக்கி வளர்த்த பிள்ளை சோம்பலுக்கும் பொய்க்கும் பழகும். அடிக்குப் பயந்து உள்ளே ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசும். நாளடைவில் அதுவே குணமாகிவிடும் என்கிறார்கள். அப்படியானால், அடிப்பதாலும் ஆகாது, செல்லம் கொடுப்பதாலும் ஆகாது. பிறகு எதனால் ஆகும்?

பாட்டைக் கொஞ்சம் பங்கிட்டுக் கொடுப்பதால் ஆகும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிப் போய்ச் சம்பாதித்த பாட்டனார்களின் பேரப்பிள்ளைகள் நம்மிலே பலர். வீட்டையும் கடையையும் எழுதிவைக்க நமக்குத் தெரியும். கடைக் கணக்கை மகனுக்கும் மகளுக்கும் காட்டுகிறோமா? ஜகாத் எவ்வளவு, எப்படிக் கணக்கிட்டோம் என்று பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்கிறோமா? விதவைத் தாயின் வீட்டுக்கு அரிசி மூட்டையை அவர்கள் தோளில் கொடுத்து அனுப்புகிறோமா?

நம் அறக்கட்டளைக்கும் இது பொருந்தும். "இன்னாரின் பேரன்" என்பது ஒருவரை அறிமுகப்படுத்தப் போதும். பொறுப்பில் அமர்த்தப் போதாது. வசூலுக்கு நடந்தவர், கணக்கு எழுதியவர், உதவி கேட்டு வந்தவரின் முகம் பார்த்தவர் – அவர்தாம் பொறுப்புக்கு உரியவர். அடுத்த முறை அரிசி பங்கிடும் நாளில் வீட்டுக்கு ஒரு பிள்ளையை அனுப்பிவையுங்கள். வேடிக்கை பார்க்க அல்ல, மூட்டை தூக்க.

நம் முன்னோர் தேடியதை மட்டுமல்லாமல், அவர்கள் பட்ட பாட்டையும் நம் பிள்ளைகள் அறிந்து வாழ அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.